சேமித்து வைத்த தொப்புள்கொடி ரத்தம்

போன மாதம் ஒரு தம்பதி பதினான்கு மாதப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தலசீமியா, அதாவது ஹீமோகுளோபின் சரிவர உருவாகாத பரம்பரை ரத்த நோய். மூன்று வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றுகிறார்கள். அந்த அம்மா பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்தியிருந்த ஒரு சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தார். பிரசவத்தின்போதே பணம் கட்டி, தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்திருக்கிறார்கள். "இதுல ஸ்டெம் செல் இருக்குல்ல டாக்டர், இதையே இவனுக்கு ஏத்திடலாமா?"

ஏற்ற முடியாது. ரத்த அணுக்களைப் பிறப்பிக்கும் அந்த ஸ்டெம் செல்லில் இருப்பதும் இவனுடைய அதே பழுதான மரபணுதான்.

"பொறந்தப்ப நல்லாத்தானே சார் இருந்தான்?" என்றார் அப்பா. சரியான கேள்வி. முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது.

தோல், நரம்பு, ரத்த ஸ்டெம் செல் எல்லாவற்றிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுப்பு. புரதம் செய்யும் மரபணுக்கள் மட்டும் ஏறக்குறைய 20,000. எந்தச் செல்லும் அத்தனையையும் பயன்படுத்துவதில்லை. எவை வேலை செய்கின்றன, எவை சும்மா கிடக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் அது என்ன செல் என்பதே அமைகிறது. எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்லின் வழியில் காட்டா-1 என்ற புரதத்தின் கை ஓங்கினால், ஹீமோகுளோபின் மரபணுக்கள் முடுக்கப்பட்டு அது சிவப்பணுவாகும். பியூ-1 என்ற இன்னொரு புரதம் ஓங்கினால் வெள்ளையணுப் பக்கம் போகும்.

சிவப்பணுவுக்குள்ளும் ஒரு கைமாற்றம் உண்டு. கருவில் ஹீமோகுளோபினுக்கு காமா குளோபின் என்ற புரதப் பகுதி சேரும். பிறந்த பிறகு பிசிஎல்11ஏ என்ற புரதம் காமா மரபணுவை அடக்கிவிட, ஆறு மாதத்துக்குள் பீட்டா குளோபின் அந்த இடத்துக்கு வந்துவிடும். இந்தப் பையனுக்குப் பழுது பீட்டாவில். காமா இருந்தவரை அது வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த காஸ்ஜெவி சிகிச்சை இந்தக் கைமாற்றத்தைத்தான் திருப்பிப் போடுகிறது. நோயாளியின் ஸ்டெம் செல்லை எடுத்து, சிவப்பணுவில் பிசிஎல்11ஏ சரிவர உருவாகாதபடி கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரியால் வெட்டித் திரும்ப ஏற்றுகிறார்கள். பீட்டாவின் பழுது அப்படியே இருக்கும். காமா மறுபடி வேலைக்கு வரும். அந்த அனுமதி பன்னிரண்டு வயது ஆனவர்களுக்குத்தான். அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர்! இப்போதைக்கு இவனுக்கு வழி, பொருந்தும் ஒருவரின் மஜ்ஜை. கூடப்பிறந்தவருக்குப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. அக்காவுக்கு ஐந்து வயது. பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன்.

சொந்த உபயோகத்துக்கென்று தனியாரிடம் இப்படிச் சேமிப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைப்பதில்லை. கர்ப்பத்தின் தொடக்கத்தில் யாராவது இந்தச் சேமிப்புக்கான விளம்பரத் தாளுக்குப் பதில், ஹீமோகுளோபினின் ஒரு வகையை ரத்தத்தில் அளக்கும் ஹெச்பி ஏ2 பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருந்தால், பெற்றோர் இருவருமே இந்த மரபணுவைச் சுமப்பவர்கள் என்று அப்போதே தெரிந்திருக்கும். எனக்கு இதில்தான் ஆத்திரம்.

கிளம்பும்போது அந்த அம்மா கேட்டார்: "வருஷா வருஷம் கட்டற பணத்தை இனியும் கட்டணுமா டாக்டர்?"

இவனுக்காகக் கட்ட வேண்டாம் என்றேன்.