ஃபார்மேட் போடும் முன் திரையில் இருப்பதைப் படியுங்கள்

"லினக்ஸ் ஹேங் ஆயிடுச்சு சார், ஃபார்மேட் போட்டுக் குடுத்துடுங்க." ஐப்பசி பிறந்துவிட்டால் கும்பகோணத்தில் என் மேசைக்கு வரும் பேச்சு இதுதான். இடி, மழை, போய்ப் போய் வரும் கரண்ட். விடிந்து பார்த்தால் வீட்டு சர்வர், அதாவது விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஓடும், கோப்புகளைச் சேர்த்து வைக்கும் கணினி, பாதி பூட்டில் (தொடங்கும் நடுவிலேயே) நிற்கும்.

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஸ்டுடியோக்காரர் என்னிடம் கேட்கவே இல்லை; அவர் ஊரிலேயே ஃபார்மேட் முடிந்திருந்தது. இன்ஸ்டால் செய்த தம்பி தப்பான டிஸ்கைத் தேர்ந்தெடுத்துவிட்டார். வைகாசி, ஆவணிக் கல்யாணப் படங்கள் மொத்தமும் அதில்.

அந்த சர்வருக்கு நோயே இல்லை. ஆல்பம் வேலைக்காக ஒரு யூஎஸ்பி டிஸ்கைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார்கள். பூட் ஆகும்போது இணைக்க வேண்டிய டிஸ்குகளின் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் அந்த டிஸ்க் பதிவாகி இருந்ததால், லினக்ஸில் எல்லாவற்றையும் தொடக்கிவைக்கும் சிஸ்டம்டி 90 வினாடி அதைத் தேடியது. கிடைக்காமல், பழுது பார்க்க மட்டும் திறக்கும் எமர்ஜென்சி மோடுக்குப் போய்விட்டது. அந்த வரியில் நோஃபெயில் என்று ஒரு சொல் இருந்திருந்தால் டிஸ்க் இல்லாமலேயே சர்வர் எழுந்திருக்கும்.

"ஃபார்மேட் போட்டதும் ஓடுதே சார்" என்பார்கள். ஓடத்தான் செய்யும். புதிய எஃப்எஸ்டேப்பில் அந்த வரியே கிடையாதே! நாளைக்கு டிஸ்கைச் சேர்ப்பீர்கள், இன்னொரு நாள் கழற்றுவீர்கள், திரும்பவும் நிற்கும். டிஸ்க் செத்துக்கொண்டிருந்தால் ஃபார்மேட் போட்டாலும் சாகும். நெட்வொர்க்குக்காக இரண்டு நிமிடம் காத்திருக்கும் சர்வர் ரவுட்டர் வராதவரை ஃபார்மேட்டுக்குப் பிறகும் காத்திருக்கும். விண்டோஸில் வைரஸ் வந்த காலத்துப் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள், தயவுசெய்து.

அடுத்த வியாதி, பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பது. கரண்ட் போய் வந்ததும் எஃப்எஸ்சிகே என்ற சோதனை நிரல் ஃபைல் சிஸ்டத்தை, அதாவது டிஸ்கில் கோப்புகள் அடுக்கப்பட்டிருக்கும் அமைப்பை, சோதிக்கும். பெரும்பாலும் சில வினாடிதான். பெரிய டிஸ்கில் முழுச் சோதனை என்றால் நெடுநேரம் ஆகும். திரையில் "நோ லிமிட்" என்று போட்டிருந்தால் அதற்குக் கெடு கிடையாது என்று பொருள். டிஸ்க் விளக்கு மினுக்கினால் விட்டுவிடுங்கள், சாப்பிட்டுவிட்டு வந்து பாருங்கள். ஆபரேஷன் நடுவில் நோயாளியை எழுப்பி வீட்டுக்கு அனுப்புவீர்களா?

திரையில் லோகோ மட்டும் சுழன்றால் நமக்கு ஒன்றும் தெரியாது. பூட் ஆகும்போது ஷிஃப்டை, புதிய கணினிகளின் யூஇஎஃப்ஐ முறை என்றால் எஸ்கேப்பை அழுத்தி, எதைத் தொடங்குவது என்று கேட்கும் கிரப் மெனுவைக் கொண்டுவாருங்கள். 'ஈ' எழுத்தைத் தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் செய்திகளை மறைக்கும் குவையட், ஸ்பிளாஷ் என்ற இரண்டு சொற்களையும் அழித்து கண்ட்ரோல் எக்ஸ். அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான் இது; பயம் வேண்டாம். எந்த வரியில் நிற்கிறதோ அதில்தான் விடை. திரை கறுப்பாகவே இருந்தால் அதே இடத்தில் நோமோட்செட் என்ற சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் அப்டேட்டுக்குப் பிறகு நின்றதா? அதே கிரப் மெனுவின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் பழைய கர்னல் இருக்கும்.

எமர்ஜென்சி மோடு வந்தால் எஃப்எஸ்டேப்பில் அந்த டிஸ்க் வரியின் முன் ஒரு ஹேஷ் குறி (#) போட்டு ரீபூட்; அந்த வரியை லினக்ஸ் கண்டுகொள்ளாது. ஆனால் டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் பெண்டிங் செக்டர் (படிக்க முடியாத இடங்கள்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் எஃப்எஸ்சிகே ஓட்டாதீர்கள். முதலில் பழுதான டிஸ்கை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ நிரலை வைத்து வேறு டிஸ்கில் நகல் எடுங்கள். மவுண்ட் ஆகி (இணைந்து பயன்பாட்டில்) இருக்கும் டிஸ்கில் ஒருபோதும் எஃப்எஸ்சிகே கூடாது. இதையும் செய்துவிட்டு வருகிறார்கள்!

சில சமயம் லினக்ஸ் பக்கமே குற்றம் இருக்காது. மானிட்டரும் கீபோர்டும் இல்லாமல் பரணில் கிடக்கும் பெட்டியில், மதர்போர்டின் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். கணினியை முதலில் எழுப்பும் பயாஸ் "எஃப்1 அழுத்து" என்று கேட்டபடி நிற்கும். பழைய மானிட்டர் ஒன்றை எடைக்குப் போடாமல் வையுங்கள்.

2018 கஜா புயலுக்குப் பிறகு என் வாடிக்கையாளர் பலர் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். அதன் பின்னால் யூபிஎஸ் மோடு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண மோடில் மின்சாரம் மாறும் இடைவெளியிலேயே சர்வர் அணைந்துவிடும். குறுவைக்கு மோட்டார்கள் ஓடும் லோ வோல்டேஜ் நாட்களில் இது தினசரிக் கூத்து. சர்வருக்கென்று தனி யூபிஎஸ் வைத்து, பேட்டரி தீரும் முன் தானாக ஷட்டவுன் ஆகும்படி யூபிஎஸ்ஸையும் சர்வரையும் இணைக்கும் யூஎஸ்பி வயரையும் மாட்டுங்கள். அந்த வயர் முக்கால்வாசி வீடுகளில் அட்டைப்பெட்டியை விட்டே வெளியே வருவதில்லை.