நிரல் எழுதத் தெரியாமல் இணையச் சந்தை: பணம் செல்லும் வழியை முதலில் முடிவு செய்யுங்கள்

நிரல் எழுதத் தெரியாத ஒருவர்கூட வேர்டுபிரஸ் என்ற மென்பொருளில் அமைத்த தளத்தில், இணையக்கடைக்கான வூகாமர்ஸையும் அதைப் பலர் விற்கும் சந்தையாக மாற்றும் டோகான் என்ற செருகுநிரலையும் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) நிறுவி, பல விற்பனையாளர்கள் கூடும் இணையச் சந்தையை இன்று தாமே அமைத்துவிடலாம். வரி ஆலோசகன் என்ற முறையில், இத்தகைய தளத்தைக் காட்டி என் கருத்தைக் கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, வாங்குபவர் செலுத்தும் பணம் யாருடைய கணக்கில் சேர்கிறது என்பதைத்தான்.

பலர் முழுத் தொகையையும் தம் சேமிப்புக் கணக்கில் யுபிஐ வழியாகப் பெற்று, கமிஷனை எடுத்துக்கொண்டு, மீதியை விற்பனையாளருக்கு அனுப்புகிறார்கள். கமிஷன் மட்டுமே இவர்களுடைய வருமானம் என்றாலும் வங்கிக் கணக்கில் முழுத் தொகையும் வரவாக நிற்பதால், வரித்துறை விளக்கம் கேட்கும்போது ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ஆவணம் காட்ட வேண்டிவரும். அதைவிடப் பெரிய சிக்கல், பிறருக்காகப் பணம் திரட்டிப் பகிர்ந்தளிக்கும் தொழிலை ரிசர்வ் வங்கி 2020 முதல் முறைப்படுத்தியிருப்பது. அதற்கான அனுமதிக்கு விண்ணப்பிக்கவே 15 கோடி ரூபாய் நிகர மதிப்பு வேண்டும். அனுமதி பெற்ற நிறுவனங்கள் தரும் ரேசர்பே ரூட், கேஷ்ஃப்ரீ ஈஸி ஸ்பிளிட் போன்ற சேவைகளில் ஒன்றை இணைத்துவிட்டால், விற்பனையாளரின் பங்கும் உங்கள் கமிஷனும் தனித்தனியே உரியவர் கணக்குக்குச் சென்றுவிடும்.

தளத்தின் வழியே பணம் வசூலாகும் சந்தைக்கு, விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். வரி நீங்கலாக 1,000 ரூபாய்க்குப் பொருள் விற்று, உங்கள் கமிஷன் 100 ரூபாய் என்றால், அந்தக் கமிஷனுக்கு 18 ரூபாய் ஜிஎஸ்டி உண்டு. விற்பனையாளர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவராயின் அந்த 1,000 ரூபாயில் 0.5 சதவீதம், அதாவது 5 ரூபாயை, அவர் பங்கிலிருந்து டிசிஎஸ் (சந்தையே வசூலித்துக் கட்டும் ஜிஎஸ்டி) ஆகப் பிடித்து மறுமாதம் 10ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். வருமான வரிக்கான 0.1 சதவீதப் பிடித்தம் இதற்குத் தனி. பான் அல்லது ஆதார் கொடுத்த தனிநபருக்கு ஆண்டு விற்பனை 5 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை அந்தப் பிடித்தம் இல்லை.

வீட்டிலிருந்தே பொடியும் ஊறுகாயும் செய்து விற்கும் பெண்களை நம்பித் தொடங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல், ஜிஎஸ்டி பதிவுக்கான விற்றுமுதல் வரம்புக்கு உட்பட்ட சிறு விற்பனையாளர்கள் ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே இணையச் சந்தைகளில் பொருள் விற்கலாம். ஆனால் அவர்கள் ஜிஎஸ்டி தளத்தில் பதிவெண் ஒன்றைப் பெற்றிருக்க வேண்டும், சொந்த மாநிலத்துக்குள் மட்டுமே விற்க வேண்டும். கடலூரில் இருப்பவர் பக்கத்திலுள்ள புதுச்சேரிக்கு அனுப்பினாலும் விதிமீறல்தான். ஆயத்தச் செருகுநிரல் இதைத் தானாகத் தடுக்கும் என்று எதிர்பார்க்காமல், விற்பனையாளர்வாரியாக அனுப்பும் எல்லையை நீங்களே அமைத்து, வேறு மாநில முகவரி கொடுத்து ஒருமுறை சோதித்துப் பாருங்கள். உணவுப் பொருள் என்றால், விற்பனையாளரின் பதிவு அல்லது உரிமத்தோடு உங்கள் சந்தைக்கும் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் மத்திய உரிமம் தேவை.

2020ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆகவே திரும்பி வரும் பொருளின் செலவு யாருடையது என்பதை விற்பனையாளருடன் எழுத்தில் ஒப்பந்தம் செய்த பிறகே முதல் ஆர்டரை ஏற்றுக்கொள்ளுங்கள்.