கார்னர் கொடிக்குப் பின்னால் ஒரு மீட்டர்

பதினான்கு வயதுப் பையன். ஆயாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி உள்ளே வந்தான். வலது கணுக்கால் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது. அறை முழுக்கக் காய்ச்சிய தேங்காயெண்ணெய் வாசம்.

“சுளுக்குதாம்மா. ரெண்டு நாளா சூடா எண்ணெய் போட்டு உருவுறேன், இறங்கவே மாட்டேங்குது.”

மலேசியாவில் பகாவ் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் கணுக்கால்களில் பாதி இந்த வாசத்தோடுதான் என்னிடம் வரும். பையனை நான்கு அடி எடுத்து வைக்கச் சொன்னேன். இரண்டாவது அடியிலேயே சுவரைப் பிடித்துவிட்டான். வெளிக்கணு எலும்பின் பின்விளிம்பை விரலால் அழுத்தியதும் காலை உதறி இழுத்துக்கொண்டான். நான்கு அடி வைக்க முடியவில்லை, அல்லது கணு எலும்பின் பின்விளிம்பைத் தொட்டாலே வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுத்துத்தான் ஆகவேண்டும். ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். எலும்பில் விரிசல், மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள்.

எப்படி விழுந்தான் என்று கேட்டேன். ஒரு பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் கால்பந்து. கார்னர் அடிக்க ஓடி வந்தவன், ஓடுதளத்தின் உள்ளோரத்தில் இருக்கும் அலுமினிய விளிம்பில் கால் வைத்துவிட்டான்.

வீட்டுக்குப் போய் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நானூறு மீட்டர் ஓடுதளத்தின் நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.50 மீட்டர். அப்படியென்றால் உள்ளே அகலம் 73 மீட்டர். அதற்குள் 105க்கு 68 மீட்டர் கால்பந்துத் திடலை அடக்க வேண்டும். நீளம் போதாது. இரண்டு முனையிலும் பத்து மீட்டர் சொச்சம் வளைவுக்குள் நீட்டிக்கொண்டு போகிறது. கார்னர் கொடியிலிருந்து விளிம்புக்கு மிஞ்சுவது ஏறக்குறைய ஒரே ஒரு மீட்டர்!

ஒரு மீட்டரில் யார் ஓடி வந்து பந்தடிப்பது? இரண்டு காலடி ரப்பர் தளத்தில், மூன்றாவது அடி ஐந்து சென்டிமீட்டர் உயர விளிம்பைத் தாண்டி, நான்காவது புல்லில். அதுவும் பந்தைப் பார்த்துக்கொண்டே. தோட்டத்துத் திடலில் விளிம்பும் கிடையாது, ரப்பரும் கிடையாது. பிள்ளைக்கு எப்படித் தெரியும்? பயிற்றுநர்கள் ஆட்டத்துக்கு முன் திடல் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: வளைவில் இருக்கும் விளிம்பைக் கழற்ற முடியுமா? கழற்றி மாட்டுகிற மாதிரிதான் பெரும்பாலும் செய்கிறார்கள். முடியாது என்றால் பிள்ளைகளை அழைத்துப்போய் அந்த இடத்தைக் காலால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓட்டப்பந்தயம் ஓடும் திடல்தடப் பிள்ளைகளின் கதை வேறு. வருடம் முழுக்கப் புல்லில் ஓடிவிட்டு, போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இந்த ரப்பர் மாதிரிச் செயற்கைத் தளத்தில் தினமும் இறக்கிவிட்டால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கத் தொடங்கும். எப்போதும் இடப்பக்கமாகவே வளைவதால் சில பிள்ளைகளுக்கு ஒரு காலில் மட்டும் வலி. முதல் வாரத்தில் ஒரு நாள் தளம், இரண்டு நாள் புல் என்று கலந்து ஓடட்டும். மெது ஓட்டத்துக்கு வெளிப்பாதைதான் நல்லது, அங்கே வளைவு கொஞ்சம் விரிந்திருக்கும். ஓட்டச் சப்பாத்தின் அடியில் இருக்கும் ஆணி ஒன்பது மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. அப்புறம், மத்தியான வெயிலில் வெறுங்காலோடு வேண்டவே வேண்டாம். புல்லைவிட அந்தத் தளம் ரொம்பவே சுடும். கொப்புளத்தோடு வந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன்.

செயற்கைத் தளமே கெடுதல் என்று சொல்ல வரவில்லை. ஒலிம்பிக்கில் முதன்முதலாக அது போடப்பட்டது 1968 மெக்சிகோவில். நம் மலேசிய ஓட்டக்காரர் மணி ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடியது அங்கேதான். அந்தத் தேசியச் சாதனையை முறியடிக்க 2017 வரை ஆனது. அவரும் ஒரு டாக்டர் என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

அடிபட்டால் முதல் இரண்டு நாள் சூடும் வேண்டாம், உருவவும் வேண்டாம். ஐஸைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வையுங்கள், காலைத் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். நான்கு அடி சோதனையை மறக்காதீர்கள்.

கட்டுப் பிரித்த பிறகு பையனை ஒற்றைக் காலில் நிற்கவைத்துப் பழக்கினேன். மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஆயா, பையிலிருந்து எண்ணெய்ப் புட்டியை எடுத்து மெதுவாகக் கேட்டார்.

“இப்ப உருவலாமா?”

“இப்ப உருவுங்க ஆயா. அழுத்தாம.”