தோட்டத்துச் சருகை எரிக்கலாமா?

கூடாது. தரைவீடாக இருந்தாலும் சரி, தோட்டம் உங்கள் சொந்த நிலமாக இருந்தாலும் சரி, கூட்டிய சருகைக் குவித்துத் தீ வைக்கச் சிங்கப்பூரில் இடமில்லை. சுற்றுப்புறப் பாதுகாப்பு, நிர்வாகச் சட்டத்தின்கீழ் திறந்தவெளித் தீக்குத் தடையாணை இருக்கிறது. அதைக் கவனித்துக்கொள்வது தேசியச் சுற்றுப்புற வாரியம். வேறு சில நாடுகளில் ஊருக்கு ஊர் விதி மாறும். இன்ன மாதம் எரிக்கலாம், இன்ன நேரத்துக்குள் அணைக்க வேண்டும் என்றெல்லாம் இருக்கும். இங்கே அந்தக் கணக்கு கிடையாது. நகர மன்றத்திடம் கேட்டுப் பார்க்கலாமே என்பவர்களுக்கு: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிப் பேட்டைகளின் பொது இடங்கள்தான் அதன் பொறுப்பு, உங்கள் வீட்டுத் தோட்டம் அல்ல.

நம்மவர்களுக்குக் கை துறுதுறுக்கும் நாள் போகி. பழைய பாயையும் துடைப்பத்தையும் வீட்டு வாசலில் கொளுத்தும் வழக்கத்தை இங்கே தொடர முடியாது. பழையதைக் கழித்தால் போதும், கொளுத்த வேண்டியதில்லை. பூசையறைச் சாம்பிராணியை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பேச்சு குப்பை எரிப்பதைப் பற்றியது. சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் சீனர்கள் இறந்தவர்களுக்குப் படையலாகக் காகிதம் எரிக்கிறார்களே என்று கேட்கலாம். அதற்கென வைத்திருக்கும் தொட்டிகளில் எரிக்க வேண்டும், சாம்பலைக் கூட்டிவிட வேண்டும் என்று அவர்களுக்கும் அறிவுறுத்தல் உண்டு.

இன்னொரு சாக்கு கொசு. வேப்பிலையைப் புகைய விட்டால் கொசு ஓடும் என்பது பாட்டி காலத்து நம்பிக்கை. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. முட்டையிடத் தேங்கிய நீர் கொஞ்சம் கிடைத்தால் போதும். அந்த முட்டை காய்ந்துபோனாலும் பல மாதம் உயிரோடு இருந்து, மழை வந்ததும் பொரிக்கும். மாலையில் போடும் புகை அதை என்ன செய்யும்? எரிக்கக் கூடாது என்று சருகை அப்படியே விட்டுவைப்பதும் ஆபத்துதான். கூரைத் தண்ணீர்க்குழாயை இலை அடைத்துக்கொள்ளும், வீட்டோரச் சாக்கடையில் நீர் நிற்கும். அதிகாரிகள் சோதனைக்கு வந்து கொசுப்புழுவைக் கண்டால் 200 வெள்ளி அபராதத்துக்கு ஆளாகலாம். என்னைக் கேட்டால், தரைவீட்டுக்காரர்கள் தீயைவிட இதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

சரி, சருகை எங்கே போடுவது? பையில் கட்டி வையுங்கள். உங்கள் வட்டாரக் குப்பை அள்ளும் நிறுவனம் தோட்டக் கழிவை எந்த நாளில் எடுக்கிறது என்று விசாரித்து, அன்று வெளியே வைத்தால் நல்லது. நீல மறுசுழற்சித் தொட்டியில் மட்டும் போடாதீர்கள். அது காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகத்துக்கு. மரம் வெட்ட ஆள் வைத்தால், கிளைகளை அள்ளிச்செல்வதும் கூலியில் சேர்த்தியா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இடமிருந்தால் மூலையில் மக்க வைக்கலாம். மக்கிய சருகு கறிவேப்பிலைச் செடிக்கு நல்ல உரம்.

வேடிக்கை என்னவென்றால், இங்கே குப்பையில் பெரும்பகுதி கடைசியில் எரியத்தான் செய்கிறது. எரியாலைகளில் கடும் வெப்பத்தில் எரித்து, புகையை வடிகட்டி, மின்சாரமும் எடுத்து, சாம்பலைக் குப்பை நிரப்பும் இடமான செமாக்காவ் தீவுக்கு அனுப்புகிறார்கள். கரையோரப் பூந்தோட்டத்தின் கண்ணாடிக் கூடங்களைக் குளிரூட்டவும் வெட்டிய மரக்கழிவு எரிபொருளாகிறது. வீட்டு மூலையில் ஈரச்சருகு புகைவது அப்படியல்ல. சூடு போதாமல் அரைகுறையாக எரிந்து, நுரையீரலின் ஆழம்வரை போகும் நுண்துகள்களைக் கக்குகிறது. சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வந்து, 2013 ஜூனில் காற்றுத் தூய்மைக் குறியீடு அபாய அளவான 401ஐத் தொட்டபோது முகக்கவசம் தேடி அலைந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பக்கத்து வீட்டிலிருந்து புகை வந்தால் முதலில் நேரில் பேசிப் பாருங்கள். தொடர்ந்தால் நாள், நேரம், படத்துடன் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் 6225 5632 எண்ணுக்கோ, குடியிருப்புக் குறைகளைத் தெரிவிக்கும் ‘ஒன்சர்வீஸ்’ செயலியிலோ தெரிவிக்கலாம். அண்டை வீட்டார் தகராறாகவே முற்றிவிட்டால் சமூக சமரச நிலையம் இருக்கிறது. அங்கும் தீராவிட்டால், 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சமூகப் பூசல் தீர்வு நடுவர் மன்றங்கள் மிதமிஞ்சிய புகை குறித்த வழக்கையும் விசாரிக்கும். தீ பரவுகிறது என்றால் இந்தப் படிகளெல்லாம் வேண்டாம், உடனே தீயணைப்புக்கான 995ஐ அழையுங்கள்.