பக்கத்து நாட்டு டி.பி. கணக்கில் நம் ஊர்ப் பிள்ளைகள்

ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் கடைசியிலோ நவம்பர் முதல் பாதியிலோ உலக சுகாதார நிறுவனத்தின் காசநோய் அறிக்கை வெளிவரும். வந்த மறுநாளே "உலகத்தில் டி.பி. வருகிற நாலு பேரில் ஒருவர் இந்தியர்" என்ற செய்தி காரைக்குடிப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிடும். அந்த வாரம் என்னைப் பார்க்க வருகிறவர்களில் ஒருவராவது கேட்பார்: "சிலோன்ல எல்லாம் இவ்வளவு இல்லையாமே டாக்டர், நம்ம நாட்டுல மட்டும் ஏன் இப்படி?"

நியாயமான கேள்விதான். ஆனால் நாட்டோடு நாட்டை ஒப்பிடுவதற்கு முன்னால் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். மற்ற ஊர்க்காரர்களைவிட நாம் கூடுதலாகப் பார்க்க வேண்டும். தாத்தா காலத்தில் ரங்கூன், மோல்மீன், கொழும்பு, பினாங்கு என்று போய் வந்த ஊர்கள் இவை. இன்றைக்கும் தேவகோட்டை, கல்லல், திருப்பத்தூர் பக்கம் ஒரு தெருவில் நாலு வீட்டைத் தட்டினால் ஒரு வீட்டிலாவது பிள்ளை மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பான். எல்லை தாண்டுகிற நோயாளியை எந்த நாட்டின் கணக்கில் எழுதுவது என்பது நம் வீட்டுப் பிரச்சினை.

முதலில் எண்கள். 2024-ல் உலகம் முழுக்கச் சுமார் 1 கோடியே 7 லட்சம் பேருக்குக் காசநோய் வந்தது, 12 லட்சத்து 30 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இதில் இந்தியாவின் பங்கு 25 சதவீதம், இந்தோனேசியா 10, பாகிஸ்தான் 6.3, வங்கதேசம் 3.6. நாம் பெரிய நாடு, அதனால் பங்கும் பெரிது. ஒரு லட்சம் பேருக்கு எத்தனை பேர் என்று பார்த்தால் படம் மாறிவிடும். இந்தியாவில் 187. இலங்கையில் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். மியான்மரிலோ நம்மைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஆகவே "இந்தியா முதலிடம்" என்பது உண்மை, ஆனால் பாதி உண்மை.

அப்புறம், ஒரே நோய்க்கு மூன்று வகை எண் உண்டு. மருத்துவமனைகள் கண்டுபிடித்துப் பதிவு செய்த நோயாளிகள் ஒரு கணக்கு. அந்த வருஷத்தில் புதிதாக நோய் வந்திருக்கக்கூடியவர்கள் எத்தனை பேர் என்ற மதிப்பீடு இன்னொன்று. குறிப்பிட்ட காலத்தில் வீடு வீடாகப் போய்ச் சளியும் எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்த்தால் எத்தனை பேரிடம் நோய் இருக்கும் என்பது மூன்றாவது. பத்திரிகைச் செய்திகளில் இந்த மூன்றும் ஒரே பத்தியில் கலந்து கிடக்கும்.

பதிவுக் கணக்கு எப்படி ஏமாற்றும் என்பதற்கு 2020 நல்ல சாட்சி. 2019-ல் இந்தியாவில் 24 லட்சம் பேர் பதிவானார்கள், 2020-ல் 18 லட்சம். ஒரே வருஷத்தில் ஆறு லட்சம் பேருக்கு நோய் வராமல் போய்விட்டதா என்ன? ஊரடங்கில் யாரும் மருத்துவமனைக்கு வரவில்லை. சளி சோதிக்கும் இயந்திரங்களும் ஆட்களும் கொரோனா வேலைக்குப் போய்விட்டார்கள். இருமல் மட்டும் வீட்டுக்குள்ளேயே இருந்தது. இந்தோனேசியா, வங்கதேசம், மியான்மர் எங்கும் இதே கதைதான். பிறகு மெல்ல ஏறி 2024-ல் நம் பதிவு 26 லட்சத்தைத் தொட்டது. "டி.பி. கூடிப்போச்சு" என்று சிலர் பயந்தார்கள். எனக்கு அது ஆறுதல் தந்த எண். நோய் வருகிற வேகம் இந்த வருஷங்களில் இறங்கித்தான் இருக்கிறது: 2015-ல் லட்சத்துக்கு 237, இப்போது 187. கூடியது கண்டுபிடிப்பு.

நேபாளத்தில் நடந்தது இன்னும் தெளிவான பாடம். 2018-19-ல் அங்கே முதல்முறையாக நாடு தழுவிய கள ஆய்வு நடத்தினார்கள். அதுவரை நினைத்திருந்ததைப் போலக் கிட்டத்தட்ட 1.8 மடங்கு நோய் இருப்பது தெரியவந்தது. அந்த நோயாளிகள் ஆய்வுக்கு முன்பும் அங்கேதான் இருந்தார்கள், கணக்கில்தான் இல்லை. நம் நாட்டில் 2019 முதல் 2021 வரை நடந்த ஆய்வும் சுகமான செய்தி சொல்லவில்லை. நோய் அறிகுறி இருந்தவர்களில் 64 சதவீதம் பேர் எந்த மருத்துவரிடமும் போகவில்லை. உறுதியான நோயாளிகளில் பத்தில் நாலு பேரை எக்ஸ்ரே எடுக்காமல் வெறும் கேள்வி மட்டும் கேட்டிருந்தால் விட்டிருப்போம், ஏனென்றால் அவர்களுக்குச் சொல்லும்படியான இருமலே இல்லை.

இலங்கைக்கு வருவோம். அங்கே நோய் குறைவு என்பதில் சந்தேகமில்லை. மாவட்டம்தோறும் நெஞ்சக நோய் கிளினிக் வைத்து, அரசே பெரும்பாலான நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற நாடு அது. அங்கேயும் வருஷத்துக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் பேர் பதிவாகிறார்கள், மதிப்பீடோ அதைவிடச் சில ஆயிரம் கூடுதல். விடுபடுகிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

எந்த நாடுகளைச் சேர்த்துக் கூட்டுகிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசியப் பிராந்தியத்துக்குத் தலைமையகம் டெல்லி. 2023-ம் வருஷக் கணக்கில் உலக நோயாளிகளில் 45 சதவீதம் இந்தப் பிராந்தியத்தில் என்று இருந்தது. 2024-ம் வருஷக் கணக்கில் அது 34 சதவீதம். பதினொரு சதவீதம் இறக்கம்! காரணம், 2025-ல் இந்தோனேசியா மேற்கு பசிபிக் பிராந்தியத்துக்கு மாறிவிட்டது. அதன் நோயாளிகளும் அந்தப் பக்கத்துக் கூட்டலுக்குப் போய்விட்டார்கள். அறிக்கையின் அடிக்குறிப்பைப் படிக்காதவர் இதைச் சாதனை என்று எழுதிவிடலாம்.

பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும் நம்மோடு எல்லை ஒட்டி இருந்தாலும் அந்த நிறுவனத்தில் வேறு பிராந்தியம். தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கில் அவை இரண்டும் நம்மோடு இருக்கும், மியான்மர் இருக்காது. சார்க் நாடுகளுக்கென்று காட்மாண்டுவை ஒட்டிய பக்தபூரில் 1992 முதல் ஒரு காசநோய் மையம் இயங்குகிறது. எட்டு நாட்டுக் கணக்குகளையும் சேர்த்து அறிக்கை போடுகிறது, ஆய்வகங்களை ஒருங்கிணைக்கிறது. அரசியலில் பேச்சுவார்த்தை நின்றுபோன காலத்திலும் நோய்க் கணக்கு ஒரே மேசைக்கு வருவது பெரிய காரியம் என்பேன். ஆனால் செட்டிநாட்டின் உறவு வரைபடத்தில் இலங்கை, மியான்மர், மலேசியா, சிங்கப்பூர் நாலும் உண்டு. இந்த நாலையும் இந்தியாவோடு ஒரே தொகுப்பில் வைத்துப் பார்க்கும் பிராந்தியம் உலக சுகாதார நிறுவனத்திலும் கிடையாது, சார்க்கிலும் கிடையாது.

அதன் விளைவு எப்படி இருக்கும் என்று என் அறையிலேயே பார்த்தேன். அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன்.

முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு தம்பி, அம்மாவோடு வந்தார். மலேசியாவில் ஒரு உணவகத்தில் வேலை, ஊர்த் திருவிழாவுக்கு வந்ததாகச் சொன்னார். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருந்தார், அவ்வளவு இளைத்திருந்தார். "சாயங்காலமானா உடம்பு கணகணன்னு கொதிக்குதுங்கய்யா, சோத்தத் தொட மாட்டேங்கிறான்" என்றார் அம்மா. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஓட்டை, பக்கத்தில் பழைய தழும்பு. புதிதாக வந்த நோய்க்கு இந்தத் தழும்பு பொருந்தவில்லை.

"அங்க இதுக்கு மாத்திரை ஏதும் சாப்பிட்டீங்களா தம்பி?"

"இல்ல சார்."

அம்மாவைச் சீட்டு போட்டுவர அனுப்பிவிட்டு வேறு மாதிரி கேட்டேன். "எப்பவாவது மூத்திரம் ஆரஞ்சுக் கலர்ல போச்சா?"

நிமிர்ந்து பார்த்தார். "ஆமா சார். ரெண்டு மாசம் அப்படித்தான் போச்சு."

ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் அப்படித்தான் போகும். டி.பி. மருந்துகளில் முதுகெலும்பு அது. பிறகு எல்லாம் வெளியே வந்தது. அங்கே ஒரு கிளினிக்கில் நோயைக் கண்டுபிடித்து மருந்து கொடுத்திருக்கிறார்கள். இருமல் நின்றிருக்கிறது. வேலை அனுமதியைப் புதுப்பிக்க மருத்துவப் பரிசோதனை நெருங்கியதும் பயந்துபோய் டிக்கெட் போட்டுவிட்டார். மலேசியாவில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான ஃபோமிமா பரிசோதனையில் டி.பி. என்று வந்தால் தகுதியில்லை என்றாகிவிடும். கடனை வாங்கிக்கொண்டு போனவர் வேறென்ன செய்வார்? சிகிச்சை அட்டை தங்கியிருந்த அறையிலேயே கிடந்தது. நல்ல வேளையாக, கூட இருந்த பையனுக்கு அனுப்புவதற்காக எடுத்த படம் ஒன்று போனில் இருந்தது. மருந்து தொடங்கிய தேதி, எடை, மாத்திரை எண்ணிக்கை எல்லாம் அதில் தெரிந்தது.

அந்தப் படமும் அந்தப் பதிலும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? மலேசியக் கணக்கில் அவர் பாதியில் காணாமல் போன நோயாளி. தொடர்ந்து 2 மாதம் மருந்து நின்றால் அப்படித்தான் எழுதுவார்கள். இந்தியக் கணக்கில் அவர் புது நோயாளி. ஒரே ஆள், இரண்டு நாட்டில் இரண்டு தவறான வரி. மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி. எவ்வளவு என்பதைப் புது நோயாளிகள், ஏற்கெனவே மருந்து சாப்பிட்டவர்கள் என்று பிரித்துத்தான் கண்காணிக்கிறோம். பாதியில் விட்டவர்களிடம் அது கூடுதலாக இருக்கும். அவர்கள் "புது" வரிசையில் வந்து உட்கார்ந்தால் புது நோயாளிகளிடமே அது பரவிவிட்டது போல எண் காட்டும். உலகத்தில் மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி.யில் கால் பங்குக்கு மேல் இந்தியாவில் இருக்கும்போது இந்தக் குழப்பம் சின்ன விஷயம் இல்லை. இந்தத் தம்பியின் சளியில் ரிஃபாம்பிசின் வேலை செய்யும் என்று சோதனை சொன்னது. சிகிச்சையை மறுபடி தொடங்கினோம். வீட்டில் அண்ணன் குழந்தை உட்பட எல்லோரையும் பார்த்தோம்.

இதன் மறுபக்கமும் இங்கேயே உண்டு. நம் ஊர் பேக்கரிகளிலும் தங்கும் விடுதிச் சமையலறைகளிலும் நேபாளத்துப் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். 1950 ஒப்பந்தப்படி இந்தியா–நேபாள எல்லையில் விசா கிடையாது. தசராவுக்கு ஊருக்குப் போகிறவர் சிகிச்சையின் மூன்றாம் மாதத்தில் இருந்தால் என்ன செய்வது? காசநோயாளிகளை அரசு கணினியில் பதிந்துவைக்கும் நம் நிக்ஷய் பதிவை இந்தியாவுக்குள் எந்த மாவட்டத்துக்கும் மாற்றிவிடலாம், எல்லைக்கு அந்தப் பக்கம் அந்த எண்ணை யாரும் கேட்க மாட்டார்கள். அப்படிப் போன ஒருவருக்கு மருந்துகளின் பெயர், தொடங்கிய தேதி, எடை, சளிப் பரிசோதனை முடிவு, ரிஃபாம்பிசின் முடிவு எல்லாம் எழுதி, கையில் ஒரு பிரதி, போனில் ஒரு பிரதி கொடுத்தனுப்பினேன். நேபாளத்திலும் இந்த மருந்து இலவசம். ஊர் சுகாதார நிலையத்தில் சேர்ந்துவிட்டதாகப் போன் செய்தார்.

வளைகுடாவுக்குப் போகிறவர்களிடம் இன்னொரு சிக்கல். அங்கே போவதற்கான பரிசோதனையில் ஆறிப்போன பழைய தழும்பே தடையாகலாம். அதனால் பல குடும்பங்கள் பதிவில்லாமல் வைத்தியம் செய்யச் சொல்கின்றன. 2012 மே மாதத்திலிருந்து தனியார் மருத்துவரும் ஒவ்வொரு காசநோயாளியையும் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அது போலீஸ் கேஸ் மாதிரியான விஷயம் இல்லை. பதிவானால்தான் மருந்துக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்ற சோதனை இலவசம், வீட்டாருக்குப் பரிசோதனை, சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய். முழுதாக மருந்து சாப்பிட்டு முடித்ததற்கான சான்றும் கிடைக்கும், பின்னால் ஒரு தழும்பைப் பற்றிக் கேள்வி வந்தால் கையில் இருக்கும் ஒரே பதில் அதுதான்.

எண்ணிக்கைக்குள் வந்துவிட்டால் மட்டும் போதாது, பிழைக்கவும் வேண்டும். தமிழ்நாடு 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தை நான் மதிப்பது இதனால்தான். பதிவாகும் அன்றே எடை, உயரம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, துணையில்லாமல் நிற்க முடிகிறதா, காலில் வீக்கமா என்று பார்க்கிறார்கள். மிக மோசமாக இளைத்தவரை வீட்டுக்கு அனுப்பாமல் படுக்கையில் சேர்க்கிறார்கள். காசநோயில் சாவு பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்தில், ரொம்ப மெலிந்தவர்களிடம்தான்.

வீட்டில் ஒதுக்கிவைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. இன்னமும் பின்கட்டில் தனி அறை, தனித் தட்டு என்று பார்க்கிறேன். தட்டில் டி.பி. ஒட்டாது, காற்றில்தான் பரவும். 1956 முதல் சென்னையில் நடந்த ஆய்வு, வீட்டில் இருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியம் என்ற தனிக் காசநோய் மருத்துவமனையில் தங்கியிருந்தவர்களும் ஒரே அளவில் குணமானார்கள், வீட்டார்களுக்கும் கூடுதல் ஆபத்து வரவில்லை என்று காட்டியது. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதில் அந்தச் சென்னை ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. சன்னலைத் திறந்து வையுங்கள், மாத்திரையை விடாமல் கொடுங்கள், முட்டையும் பயறும் சேர்த்துச் சாப்பாடு போடுங்கள்.

வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீட்டாரிடம் நான் கேட்பது இதுதான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு என்று போனில் சொன்னால் "ஊருக்கு வந்து பாத்துக்கலாம்" என்று சொல்லாதீர்கள், அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள். மருந்து தொடங்கிவிட்டால் அட்டையையும் மாத்திரைப் பட்டையையும் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். வந்துதான் ஆக வேண்டும் என்றால் குறைந்தது ஒரு மாத மருந்தும் ஒரு கடிதமும் வாங்கிவரட்டும். இங்கே வந்ததும் அரசு மருத்துவமனை காசநோய்ப் பிரிவில் "அங்க சாப்பிட்டேன்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லட்டும். வெளியூர் ஆட்களை வேலைக்கு வைத்திருக்கும் கடைக்காரர்கள், அவர்கள் ஊருக்குக் கிளம்பும் தேதியைப் பத்து நாள் முன்னால் எங்களுக்குச் சொன்னால் கடிதமும் மருந்தும் தயாராக இருக்கும். சந்தேகம் இருந்தால் 1800-11-6666 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம்.