பெண்ட் எடுத்த ஃபோர்க்கை நம்பி ஓட்டாதீர்கள்

போன வாரம் ஒரு தம்பி வந்தார். பைக்கின் முன் ஃபோர்க்கில் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு கால்கள்) ஆயில் கசிகிறது, ஆறு மாதத்தில் இது மூன்றாவது முறை, நல்ல ஆயில் சீலாக (ஆயிலை வெளியே விடாத ரப்பர் வளையம்) பார்த்துப் போட்டுக் கொடுங்கள் என்றார். வண்டி எங்காவது மோதியதா என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஆமாம் அண்ணா, ஒரு காரின் பின்னால் போய் இடித்துவிட்டேன். அதெல்லாம் அப்போதே சரி பண்ணியாச்சு" என்றார்.

ஃபோர்க்கைக் கழற்றி, உள் குழாயைக் கண்ணாடிப் பலகை மேல் உருட்டினேன். அடியில் வெளிச்சம் தெரிந்து தெரிந்து மறைந்தது, அதாவது குழாய் நேராக இல்லை. பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்திய குழாய், இதைத்தான் பெண்ட் எடுப்பது என்கிறோம். வளைந்த இடத்தில் குரோம் மெல்லிசாக விரிசல் விட்டுத் துரு ஏறியிருந்தது. ஃபோர்க் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்தச் சொரசொரப்பு சீலை அறுத்திருக்கிறது. கசிந்த ஆயில் டிஸ்க் வரைக்கும் இறங்கி பிரேக் பேடை நனைத்திருந்தது. அந்த வண்டியில்தான் தினமும் தங்கையைக் கல்லூரியில் கொண்டுபோய் விடுகிறார்.

இந்த மாதத்தில் இப்படி வந்த நான்காவது வண்டி இது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

"பெண்ட் எடுத்தாச்சு, இப்போது நேராகத்தானே இருக்கிறது?" எல்லோரும் கேட்பது இதைத்தான். நேராகிவிட்டது என்பதால் பழைய பலம் திரும்பிவிடாது. வளையும்போது குழாயின் ஒரு பக்கம் இழுபடுகிறது, மறுபக்கம் நசுங்குகிறது. நிமிர்த்தும்போது இழுபட்ட பக்கத்தை நசுக்குகிறோம், நசுங்கிய பக்கத்தை இழுக்கிறோம். ஒரே இடம் இரண்டு அடி வாங்கிவிட்டது. அடுத்த பெரிய பள்ளத்திலோ அவசர பிரேக்கிலோ முதலில் விட்டுக்கொடுப்பது அந்த இடம்தான். வளைந்த உள் குழாயை நிமிர்த்த முயலக் கூடாது, ஆபத்தான அளவுக்குப் பலவீனமாகிவிடும் என்று யமஹா சர்வீஸ் கையேடுகளில் எச்சரிக்கையாகவே அச்சிட்டிருக்கிறார்கள். பல கையேடுகளில் வளைவுக்கான எல்லை 0.2 மி.மீ. தான். அதை டயல் கேஜ் என்ற அளவுக் கருவிதான் காட்டும், கண்ணுக்குத் தெரியாது.

"ஹேண்டில் பாரிலிருந்து கையை எடுத்து ஓட்டிப் பார்த்தேன், நேராகத்தான் போகிறது" என்பவர்கள் இன்னொரு வகை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காலிச் சாலையில் சீரான வேகத்தில் போகும்போது பல கோளாறுகள் வெளியே தெரியாது. பின்னால் ஆள் இருக்கும்போது, வளைவில் பிரேக் பிடிக்கும்போதுதான் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

இன்ஜின் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அது கெட்டால் பெரும்பாலும் சத்தம் போட்டுச் சொல்லிவிடும். சத்தம் போடாமல் இருப்பது நெக், அதாவது ஃபோர்க் வந்து பொருந்தும் சேஸிஸின் (வண்டிச் சட்டத்தின்) முன்பகுதி. டேங்கைக் கழற்றி நெக் வெல்டிங் ஓரத்தில் பெயின்ட் வெடித்திருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா என்று பாருங்கள். முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டில் பாரை மெல்லத் திருப்புங்கள். நடுவில் வந்து சிக்கி நின்றால், மோதலில் நெக் பேரிங்கின் பால்கள், அவை உருளும் வளையமான ரேஸைக் குழி பண்ணியிருக்கலாம். அந்த பேரிங் தொகுப்பை, அதாவது கோன் செட்டை, மாற்ற வேண்டும். நெக்கே வளைந்திருந்தால் சேஸிஸைத்தான் மாற்ற வேண்டும். எண் அதில் பொறித்திருப்பதால் பதிவு ஆவண வேலையும் சேர்ந்து வரும். அந்த அலைச்சலுக்குப் பயந்து பலரும் சூடுபடுத்தி இழுத்துவிடுகிறார்கள். அலுமினிய சேஸிஸிலும் அலாய் வீலிலும் இந்தச் சூடு வைக்கும் வேலையே கூடாது, தொழிற்சாலையில் ஏற்றிய பலம் போய்விடும்.

பெரிய மோதல் கண்ட வண்டியை விற்றுத்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அளந்து பார்த்து, மாற்ற வேண்டியதை மாற்றினால் நன்றாக ஓடும். ஆனால் முதலில் அளவு, அப்புறம் பெயின்ட். பெயின்ட் அடித்த பிறகு விரிசலை யார் பார்ப்பது? கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பழைய வண்டி வாங்குபவர்கள் நெக்கின் கீழே ஹேண்டில் ஸ்டாப்பரைப் பாருங்கள். அது நசுங்கியிருந்தால், முன் சக்கரம் எதிலோ பலமாக மோதியிருக்கலாம்.

மெக்கானிக்கிடம் மோதியதை மறைக்காதீர்கள். யாரும் உங்களைத் திட்டப்போவதில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறோம்.

அந்தத் தம்பியின் வண்டியில் நல்லவேளை, நெக் தப்பித்திருந்தது. இரண்டு குழாய்களும் கோன் செட்டும் பிரேக் பேடும் மாற்றினேன். 500 கி.மீ. ஓடியதும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், கோன் செட்டை மறுபடி இறுக்கம் பார்க்க வேண்டும். அதுவரை தங்கையை ஏற்ற வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.