நாணயத்தைப் பார்க்கும் முன் ஆல்பத்தை முகர்ந்து பாருங்கள்

பழைய நாணயங்களைச் சுத்தம் செய்து பாதுகாப்பதும், வீடுகளிலிருந்து வரும் சேகரிப்புகளுக்கு மதிப்புச் சொல்வதும் என் தொழில். வருகிறவர்கள் உட்காருவதற்கு முன்பே "இது என்ன விலை போகும்?" என்பார்கள். நான் ஆல்பத்தைத் திறந்து மூக்கருகே கொண்டுபோவேன். புது ரெயின்கோட் வாடை அடித்தால் விலைப் பேச்சு அப்புறம்தான்.

திருவல்லிக்கேணியிலிருந்து ஒருவர் சிவப்பு ரெக்சின் அட்டை போட்ட ஆல்பம் ஒன்றைக் கொண்டுவந்தார். அப்பா சேர்த்தது. "அவர் போனப்புறம் நாங்க யாரும் தொடவே இல்ல மேடம், பீரோவுல அப்படியே பத்திரமா இருந்தது" என்றார். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மெல்லப் பிரித்தால் பாக்கெட்டின் உள்பக்கம் எண்ணெய் தடவியதுபோலப் பிசுபிசுப்பு. 1957-ஆம் வருட நயா பைசா வரிசை முழுக்கப் பச்சைப் பொட்டுகள். 1940-க்குப் பிறகு வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாய்களில் ராஜாவின் கன்னம், காது, கிரீடம் என்று எங்கெல்லாம் மேடாக இருக்கிறதோ அங்கெல்லாம் பச்சைப் படலம். அதே ஆல்பத்தில் மடித்த தாளுக்குள் தனியாகக் கிடந்த ஒரு விக்டோரியா ரூபாய் மட்டும் கறுத்திருந்தது, ஆனால் கெடவில்லை. "பத்திரமா" இருந்த இடம்தான் மற்றவற்றைக் கெடுத்திருக்கிறது.

காரணம் பிவிசி. அது இயல்பில் விறைப்பான பிளாஸ்டிக். பக்கம் வளைந்து கொடுக்கவேண்டும் என்பதற்காக எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலப்பார்கள். வருடங்கள் போகப் போக அது வெளியே கசியும். பிளாஸ்டிக்கும் மெல்லச் சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடும். அமிலம் செம்பைத் தொட்டால் பச்சைக் களிம்புதான். வெள்ளி நாணயம் தப்பிக்கும் என்று நினைக்க வேண்டாம். பழைய வெள்ளி ரூபாயிலேயே பன்னிரண்டில் ஒரு பங்கு செம்பு. 1940-இலிருந்து வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள், மீதியில் பெரும்பகுதி செம்பு. அதனால்தான் ஆறாம் ஜார்ஜ் அதிகமாக அடிவாங்குகிறார். சென்னை வெயிலில் இந்தக் கசிவு வேகமெடுக்கும். கத்திரி வெயில் நாளில் மேல்மாடி அறையில் இருக்கும் இரும்பு பீரோவுக்குள் கையை விட்டுப் பார்த்தால் தெரியும்.

ஆல்பம் என்ற பொருளே அப்படியொன்றும் பழமையானதில்லை. அதற்கு முன் நாணயம் சேர்ப்பது பணக்காரர்களும் அறிஞர்களும் செய்த வேலை. மர அலமாரி, அதில் இழுக்கும் தட்டுகள், தட்டில் வட்டக் குழிகள். எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது. அதன் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அங்குள்ள கிழக்கிந்தியக் கம்பெனி நாணயங்களுக்கு 1890-இல் பட்டியல் போட்டபோது, சாதாரண ஆள் வீட்டில் வைத்துக்கொள்ளும் நாணய ஆல்பம் என்ற ஒன்று வழக்கத்திலேயே இல்லை.

அது வந்தது அமெரிக்காவில். 1920-களின் கடைசியில் பீஸ்டில் என்ற கம்பெனி, நாணயத்தின் இரண்டு பக்கமும் தெரியும்படி, இழுத்து மூடும், கண்ணாடிபோல் தெளிவான பிளாஸ்டிக் பட்டை வைத்த பக்கங்களைக் கொண்டுவந்தது. அதை எடுத்து 'நேஷனல்' என்ற பெயரில் பரப்பியவர் நியூயார்க் நாணய வியாபாரி வேய்ட் ரேமண்ட். ஆனாலும் விலை அதிகம். கதை மாறியது 1934 வாக்கில். விஸ்கான்சினில் ஜே.கே. போஸ்ட் என்பவர் ஒற்றை அட்டையில் வருட வாரியாக ஓட்டை போட்டு விற்க ஆரம்பித்தார். 11-க்கு 14 அங்குலம், சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிற அளவு. விலை 25 சென்ட். பொருளாதார மந்தக் காலம், வேலையில்லாதவர்கள் ஏராளம். கைக்கு வரும் சில்லறையிலிருந்தே ஒவ்வொரு ஓட்டையாக நிரப்பலாம். ராசீன் நகரத்து விட்மன் நிறுவனம் அந்த வியாபாரத்தை வாங்கி, 1940-இல் மடிக்கும் புத்தகமாக மாற்றியது. அந்த நீல விட்மன் மடிப்புகள் இன்றும் வருகின்றன. சேகரிப்பு என்ற பொழுதுபோக்கை நடுத்தரக் குடும்பத்துக்குக் கொண்டுபோனது இந்த ஓட்டை அட்டைதான் என்பது என் கருத்து. வெற்றிடத்தைப் பார்த்தால் நிரப்பாமல் மனிதனால் இருக்க முடியாது.

இந்த அட்டைகளிலும் வில்லங்கம் உண்டு. மலிவான அட்டையில் கந்தகம் இருக்கும், அது வெள்ளியைக் கறுக்க வைக்கும். ஆனால் இங்கே ஒரு வேடிக்கை. வேய்ட் ரேமண்ட் ஆல்பத்தில் பல வருடம் கிடந்த வெள்ளியில் விளிம்பிலிருந்து உள்நோக்கி நீலம், ஊதா, தங்க நிறம் என்று வளையங்கள் ஏறும். அதற்கென்றே கூடுதல் விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் என்ன, அடுப்பில் சுட்டு, கந்தகம் தடவிப் போலி நிறம் ஏற்றி, "ஒரிஜினல் பழைய ஆல்பத்திலிருந்து எடுத்தது" என்று விற்பவர்களும் வந்துவிட்டார்கள். நிறத்தைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்.

சரி, உங்கள் வீட்டு ஆல்பம் பிவிசியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வாடை முதல் அடையாளம். தொட்டால் மெத்தென்று வளைவது இரண்டாவது. உறுதியாகத் தெரியவேண்டுமென்றால் நாணயங்களை எடுத்துவிட்டு, பக்கத்தின் ஓரத்தில் சின்னத் துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். செம்புக் கம்பியை இடுக்கியால் பிடித்து காஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, அந்தத் துண்டில் தொட்டு மறுபடி தீயில் காட்டுங்கள். தீ பச்சையாக எரிந்தால் குளோரின் இருக்கிறது, அதாவது பிவிசி. ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், அந்தப் புகை நல்லதல்ல.

பச்சை ஏறியதைப் பார்த்ததும் நம் வீடுகளில் கை தானாகப் புளிக்குப் போகும். அல்லது விபூதி, பாத்திரம் விளக்கும் பவுடர். தயவுசெய்து வேண்டாம். 1911-ஆம் வருட ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜாவின் மேலங்கியில் ஒரு குட்டி யானை உண்டு. அது பன்றி மாதிரி இருக்கிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, அடுத்த வருடமே தும்பிக்கை தெளிவாகத் தெரியும்படி அச்சை மாற்றினார்கள். அந்த இரண்டு ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம் கடுகளவு இடத்தில் இருக்கிறது. புளி போட்டு நான்கு தேய் தேய்த்தால் யானையும் இல்லை, பன்றியும் இல்லை. பளபளப்பு மட்டும் இருக்கும், வாங்குகிறவர் அதைப் பார்த்ததுமே விலையைப் பாதிக்குக் கீழே கொண்டுபோவார்.

பிசுபிசுப்புக்கு மருந்து சுத்தமான அசிட்டோன். நகப்பூச்சு நீக்கும் திரவம் அல்ல. அதில் வாசனையும் எண்ணெயும் சேர்ந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி நாணயத்தைப் போட்டுச் சிறிது நேரம் விட்டு, எடுத்து இன்னொரு கிண்ணத்தில் புது அசிட்டோனில் அலசி, தானாகக் காயவிடுங்கள். துடைக்கக் கூடாது. அடுப்பு பக்கத்தில் இருக்கவே கூடாது. படலம் போகும்; அமிலம் ஏற்கெனவே அரித்த குழி போகாது.

எல்லாப் பச்சையும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளிர் பச்சையாக, பவுடர்போல உதிர்ந்து, தட்டிவிட்டாலும் சில வாரத்தில் திரும்ப வந்தால் அது வேறு நோய். செம்புக்குள் உப்பு புகுந்திருக்கிறது, காற்றின் ஈரம் அதை எழுப்புகிறது. கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த சங்ககாலக் காசுகளில் இதை எதிர்பார்க்கலாம். 1809 ஜனவரியில் சென்னைக்கென்று கிழக்கிந்தியக் கம்பெனியின் செப்புக் காசுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பி, இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கிய அட்மிரல் கார்ட்னர் கப்பலிலிருந்து மீட்ட 1808 காசுகளிலும் அப்படித்தான். பெசன்ட் நகர், திருவொற்றியூர்க் காற்றில் அது இன்னும் ஜாஸ்தி. இதற்கு அசிட்டோன் உதவாது. மற்ற நாணயங்களிலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்து, விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-களிலிருந்தே உலோகப் பாதுகாப்புக்கு வேதியியல் ஆய்வகம் இருக்கும் ஊர் இது.

புதிதாக வாங்கும்போது பாலிப்ரொப்பிலீன் பக்கங்கள், அல்லது விறைப்பாக, கசக்கினால் மொடமொடவென்று சத்தம் போடும் பாலியெஸ்டர் உறைகள், மதிப்புள்ளவற்றுக்கு அக்ரிலிக் கேப்ஸ்யூல். ஜன்னல் வைத்த அட்டை உறை வாங்கினால் ஸ்டேப்ளர் முள்ளைத் தட்டையாக்கிவிடுங்கள், பக்கத்து நாணயத்தைக் கீறும். நம் ஊர் ஈரத்தில் துருவும் பிடிக்கும். ரப்பர் பேண்டு, நாப்தலின் உருண்டை இரண்டும் பக்கத்திலேயே வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறை, தை பிறந்ததும் ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்து சிலிக்கா ஜெல்லை மாற்றுங்கள்.

காலி ஆல்பத்தைக் குப்பையில் போடாதீர்கள். திருவல்லிக்கேணிக்காரரின் அப்பா ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கீழே எங்கே வாங்கினார், என்ன விலை என்று நீல மையில் எழுதியிருந்தார்; சில மூர் மார்க்கெட், அதாவது 1985 தீ விபத்துக்கு முந்தைய கொள்முதல். நாணயம் எந்தக் கையிலிருந்து வந்தது என்பதற்கு அந்த எழுத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. நாணயத்தை எடுப்பதற்கு முன்பே பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, எந்தக் குறிப்பு எந்த நாணயத்துக்கு என்று எண் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஆல்பத்தைத் தாள் உறையில் போட்டு வேறு அலமாரியில் வையுங்கள். நாணயம் இருக்கும் பீரோவில் வேண்டாம், அந்த வாடை அங்கேயும் தன் வேலையைச் செய்யும்.